பண்டிகை நாளில் வார்டில் யார்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

எங்கள் ஊரில் இரண்டு வகைப் பெண்களைத்தான் எல்லோரும் 'சிஸ்டர்' என்று அழைக்கிறார்கள். எங்களுக்குப் பாடம் சொல்லித் தரும் அருட்சகோதரியர் ஒரு வகை. மருத்துவமனையில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர் இன்னொரு வகை. முதல் வகையினர் விடுமுறை கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. இரண்டாம் வகையினர் கேட்கிறார்கள், பல நேரங்களில் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது சிலர் பண்டிகைக்கு முந்தின நாள் தொலைபேசியில், "உடம்பு சரியில்லை, டியூட்டிக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இது சரியா, தவறா என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

பதினைந்து வயதுப் பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று பெற்றோர் கேட்கக்கூடும். எங்கள் வகுப்பிலேயே நான்கு பேருடைய அம்மாக்கள் செவிலியர்கள். இன்னும் சிலர், பெரியவர்களானதும் வெள்ளை உடை அணியப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் மதிய உணவு வேளையில் இந்தப் பேச்சு வந்து, வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. "கடமையா, குடும்பமா என்று பட்டிமன்றம் வைத்துவிடலாம்" என்றாள் ஒருத்தி. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட பட்டிமன்றங்களில் எப்போதும் கடமைதான் வெல்லும். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் வார்டில் ஆள் குறைவாகவே இருக்கும்.

நோய்க்கு நாள்காட்டி தெரியாது என்பார்கள். நாங்கள் அறிந்தவரையில் அதற்கு நாள்காட்டி நன்றாகவே தெரியும். பண்டிகை நாளாகப் பார்த்துத்தான் அது கூடுதலாக வருகிறது. தீபாவளி வந்தால் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயம் பட்டவர்களுக்காகத் தனி ஏற்பாடு செய்து வைக்கிறார்கள். பட்டாசால் கை வெந்த குழந்தைகள் வரும் இரவில் அங்கே செவிலியர் இல்லாமல் எப்படி? பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கிறது. மாடு முட்டிக் குடல் சரிந்தவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் கொண்டு போகிறார்கள். ஊரெல்லாம் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் அங்கே வேலை அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மறக்காது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் கூட்டம் நிரம்பியிருந்த காலை வேளையில் கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று காலை கடலோர மருத்துவமனைகளில் முதலில் நோயாளிகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார்? டியூட்டி பட்டியலில் தங்கள் பெயர் இருந்ததால் வந்திருந்தவர்கள்தாம். அவர்கள் பெயர்கள் எங்கும் பொறிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே வார்டில் ஆள் இருக்கத்தான் வேண்டும். இதில் எங்கள் வகுப்பில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வரவேண்டிய ஒருவர் வராமல் போனால் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் எங்களுக்குப் புதிதாக ஒன்று தெரிய வந்தது.

செவிலியர் வேலை மற்ற வேலைகளைப் போல மணி அடித்ததும் எழுந்து போகிற வேலை அன்று. அடுத்து வருபவர் வந்து, ஒவ்வொரு கட்டிலாக நின்று, இன்னாருக்கு இன்ன மருந்து கொடுத்தாயிற்று, இன்னாருக்கு ஆறு மணிக்கு ஊசி பாக்கி என்று ஒப்படைத்த பிறகே அவர் போகலாம். அதை 'ஓவர் கொடுப்பது' என்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஆள் வராவிட்டால் கொடுப்பவர் நகர முடியாது. ஆசிரியை வரவில்லையென்றால் எங்களுக்கு ஒரு பாட வேளை விளையாட்டு. செவிலியர் வரவில்லையென்றால் முன்னவர் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 24-ஆம் தேதி அவருக்குப் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு எட்டு வரை டியூட்டி. எட்டு மணிக்கு ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, சேலை மாற்றி, நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு நர்சிங் சூப்பிரண்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தொலைபேசி அழைப்புகள். "மேடம், ரெண்டு நாளா காய்ச்சல்." "மேடம், வயித்துப்போக்கு." மூன்றாவது என்னவென்று அவருக்கு நினைவில்லை. மூவரில் இருவர் அந்த வார்டுக்கு இரவுப் பணிக்கு வர வேண்டியவர்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் வார்டில் 28 நோயாளிகள். துணைக்குப் பயிற்சி மாணவி ஒருத்தி. பிற்பகல் இரண்டு மணிக்கு நிற்கத் தொடங்கியவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தார். பதினெட்டு மணி நேரம். விடியற்காலை மூன்று மணிக்கு மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருந்த பெயர் கண்ணுக்குத் தெளியாமல் மூன்று முறை படித்துப் பார்த்து, பிறகு மாணவியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே ஊசியில் ஏற்றினாராம். ஒருவருக்கு டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் இரத்தம் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து கிடந்த பாட்டி ஒருவர் 'பேன்' கேட்டு மணியடித்து, மணியடித்து, கடைசியில் படுக்கையையே நனைத்துவிட்டு அழுதார். யாரும் இறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, காலையில் நிர்வாகம் அந்த இரவை மறந்துவிட்டது. கோவிலில் அம்மாவுக்கென்று எங்கள் தோழி துப்பட்டாவை விரித்துப் பிடித்து வைத்திருந்த இடத்தில், திருப்பலி பாதி நடக்கும்போது வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் கொதித்துவிட்டார்கள். "பொய் சொன்ன மூன்று பேரையும் வேலையை விட்டு நீக்க வேண்டும்" என்றார்கள். அப்போது எங்கள் தோழி மீதிக் கதையைச் சொன்னாள்.

மூவரில் ஒருவர் நவம்பர் முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் விடுப்புக் கேட்டிருக்கிறார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் அவருக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவன்று இரவு டியூட்டிதான். வெளியூர்க்காரர், பரிந்து பேச ஆள் இல்லாதவர். பட்டியல் போடுபவர்களுக்கு வேண்டியவர்கள் முதலில் விடுப்பு வாங்கிக்கொள்ள, ஐந்தாவது ஆண்டும் அவர் பெயர்தான் வந்தது. "நாலு வருஷமா அவ பிள்ளைங்க குடில் வைக்கிறதைப் போன்லதான் பார்த்திருக்கா. நான் அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாராம் தோழியின் அம்மா. பதினெட்டு மணி நேரம் நின்றவரே அப்படிச் சொன்னார்! அவருடைய கோபமெல்லாம் மற்ற இருவர் மீதுதான். அவர்கள் விடுப்புக் கேட்கவே இல்லை. கேட்டுக் கிடைக்காமல் போகிற சங்கடம் எதற்கு என்று நேராகத் தொலைபேசியை எடுத்தவர்கள். நிர்வாகமோ மூவருக்கும் ஒரே மாதிரி மெமோ கொடுத்தது. அடுத்த மாதப் பட்டியல் போட்ட முறையில் மாற்றம் ஏதுமில்லை.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த ஐந்தாம் ஆண்டுக்காரர் செய்ததும் தவறுதான். அவருக்கு அநியாயம் செய்தது பட்டியல் போட்டவர். அவர் திருப்பிக் கொடுத்ததோ, தம்மைப் போலவே பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த இன்னொரு பெண்ணுக்கு. சூப்பிரண்டு மேடம் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பாட்டிதான் நனைந்த படுக்கையில் கிடந்தார். ஆனால் இந்தத் தவற்றைத் திருத்த வேண்டிய இடம் அவருடைய வீட்டு வாசல் அன்று, சூப்பிரண்டின் மேசை. நேர்மையாகக் கேட்டவருக்கு 'இல்லை' என்றும், காய்ச்சல் என்றவருக்கு 'சரி' என்றும் ஓரிடத்தில் பதில் கிடைக்குமானால், அங்கே எல்லோருக்கும் காய்ச்சல் வரத்தானே செய்யும்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பண்டிகை நாளில் உண்மையிலேயே காய்ச்சல் வந்தவரின் கதி என்ன? யாரும் நம்புவதில்லை. "இன்றைக்குத்தான் வருமா?" என்று கேட்கிறார்கள். ஏச்சுக்குப் பயந்து முகக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் வார்டுக்கு வருகிறார். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர், சர்க்கரை நோயாளி, பிறந்து இரண்டு நாளான சிசு என்று அனைவர் அருகிலும் குனிகிறார். கொரோனாவைக் கண்ட பிறகும் இப்படி நடக்கிறதே என்று எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதோடு, விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதலாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதாவது மனிதர்களுக்கு உடம்புக்கு வரும், வீட்டில் திருமணம் வரும், பண்டிகை வரும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 28 பேருக்கு ஒருவரும் ஒரு மாணவியும் என்று நின்ற அந்த இரவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூவரும் ஒழுங்காக வந்திருந்தால்கூட அந்த வார்டில் இரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். கணக்கில் நாங்கள் அவ்வளவு கெட்டியில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது என்று தெரிகிறது.

சம்பளக் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராய 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். எங்கள் தோழியரின் அம்மாக்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஒப்பந்தச் செவிலியர் நிலை அப்படியே. மாதம் 7,700 ரூபாயில் வேலை பார்த்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் ஆயிரக்கணக்கில் கூடி அமர்ந்தார்கள். 2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாட்டு மக்கள் எல்லோரும் வாசலில் நின்று இவர்களுக்காகக் கைதட்டினார்கள். எங்களுக்கு அப்போது மிகச் சிறிய வயது. தட்டைக் கரண்டியால் தட்டியது நினைவிருக்கிறது. கொரோனாக் காலத்தில் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்தது. அவர்களுக்குப் புத்தாண்டு விடுமுறை இப்படிக் கிடைத்தது.

"தேனாம்பேட்டையில் உட்கார்ந்ததும் வேலைக்கு வராமல் இருந்ததுதானே? அதை மட்டும் ஏன் குறை சொல்லவில்லை?" என்று ஒரு தோழி மடக்கினாள். நல்ல கேள்வி. அவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு, இன்ன காரணத்துக்காக வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி உட்கார்ந்தார்கள். நிர்வாகத்துக்கு அது தெரியும். மாற்று ஏற்பாடு செய்ய நேரமும் இருந்தது. தொலைபேசியில் வரும் காய்ச்சலுக்கு முகம் இல்லை. அதனால் அது யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை. அந்த ஐந்தாம் ஆண்டுக்காரருக்கு நடந்த அநியாயம், அவர் காய்ச்சல் என்று சொன்ன நிமிடத்திலேயே பதிவேட்டிலிருந்து மறைந்துவிட்டது. அங்கே எஞ்சியது 'சிக் லீவ், ஒரு நாள்' என்பது மட்டுமே. சொல்லப்போனால் அந்தப் பொய்யால் மிகவும் பயன் அடைந்தது நிர்வாகம்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்து பிறப்பு விழா ஏன் மற்றப் பண்டிகைகளைவிடச் சிக்கலாகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தோம். பிறர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலை என்று மற்றக் குடும்பங்கள் ஒதுங்கிய காலத்தில், நம் நாட்டில் இந்தப் பணிக்கு முன்வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் மிகுதி. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. 1946-ல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. இன்றும் பல வார்டுகளில் மேரிகளும் தெரசாக்களும் அதிகம். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு வேண்டுமென்றால் எங்கே போவது? ஆனால் இதே ஊரில்தான் தீபாவளி கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், ரம்ஜான் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். "நீ டிசம்பர் 24 பார், நான் உனக்குத் தீபாவளி பார்க்கிறேன்" என்று செவிலியர் தமக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா இப்படியே ஒவ்வொரு தீபாவளி இரவும் வார்டில் இருப்பார். அவருக்கு வாய்த்த தோழி ஒவ்வொரு டிசம்பர் 24-ம் வந்து நிற்பார். அந்த வீட்டுப் பலகாரம் இந்த வீட்டுக்கும், இந்த வீட்டுக் கேக் அந்த வீட்டுக்கும் பதினோரு ஆண்டுகளாகப் போய் வருகிறது. இதற்கு நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தடுக்காமல் இருப்பது. சில இடங்களில் மாற்றிக்கொள்ளவும் அனுமதி இல்லை என்கிறார்கள். என்ன காரணமோ!

விளக்கேந்திய மங்கை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி நாம் மேடையில் பேசும்போது விளக்கை மட்டும் பேசுகிறோம். அவர் 1859-ல் எழுதிய செவிலியர் பணி பற்றிய நூலில், நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தாம் அருகில் இருக்கும்போது நடப்பது, தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்து வைப்பதே பொறுப்பில் இருப்பவரின் வேலை என்பது அதன் சாரம். இதைச் செவிலியருக்குச் சொன்னது போலவே பட்டியல் போடும் மேடத்துக்கும் சொன்னதாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். டிசம்பர் பட்டியலை டிசம்பர் 20-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் போட்டால் யார் என்ன ஏற்பாடு செய்ய முடியும்? அக்டோபரிலேயே போட்டு, சென்ற ஆண்டு யார் பார்த்தார்கள் என்ற குறிப்பேட்டையும் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் மாட்டிவிடலாம். முறை வைத்து வந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எங்கள் வகுப்பில் கரும்பலகை துடைக்க முறை வைத்திருக்கிறோம். ஒருத்தியும் ஏமாற்ற முடிவதில்லை, ஏனென்றால் பெயர்ப் பட்டியல் கதவின் பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஆலைத் தொழிலாளர் பண்டிகை விடுமுறை நாளில் வேலை பார்த்தால், அவர் விருப்பப்படி இரட்டைச் சம்பளம் அல்லது சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை என்று நம் மாநிலம் 1958-லேயே சட்டம் செய்தது. இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுகிறவருக்கும் அதே மரியாதையைத் தருவதில் என்ன தயக்கம்? தோழியரின் அம்மாக்கள் பணத்தைக்கூட இரண்டாவதாகத்தான் சொன்னார்கள். பண்டிகை நாளில் பேருந்து குறைவு, கேன்டீன் பூட்டியிருக்கும், இரவு எட்டு மணிக்கு வந்து சேரவே ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் ஆகிறது, காலையில் வயிற்றில் ஒன்றுமில்லாமல் போக வேண்டியிருக்கிறது என்று இவற்றைத்தான் முதலில் சொன்னார்கள். ஒரு வண்டியும் ஒரு வேளைச் சோறும் ஏற்பாடு செய்வது பெரிய மருத்துவமனைக்கு மலையைப் புரட்டுகிற வேலையா?

வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'உடம்பு சரியில்லை' என்ற தொலைபேசி அழைப்புக்குப் பின்னால் பல நேரம் செவிலியர் மட்டும் இருப்பதில்லை. "நாள் கிழமையில் வீட்டில் பெண் பிள்ளை இல்லாமல் என்ன குடும்பம்?" என்று மாமியார் கேட்டிருப்பார். "லீவ் போட்டுவிடு" என்று கணவர் சொல்லியிருப்பார். பிரியாணி யார் செய்வது என்பதுதான் அங்கே உண்மையான காய்ச்சல். பேருந்து ஓட்டும் அப்பா பண்டிகையன்று வேலைக்குப் போனால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்த மலரைப் படிக்கும் அப்பாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். அம்மா டியூட்டிக்குப் போன கிறிஸ்து பிறப்பு விழாவை 25-ஆம் தேதி மாலையிலோ, 26-ஆம் தேதியிலோ வைத்துக்கொள்கிற வீடுகள் எங்கள் வகுப்பிலேயே இரண்டு இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்களைவிட ஒரு நாள் கூடுதலாகக் கேக் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வேறுபாடு.

கேக் என்றதும் நினைவு வருகிறது. நோயாளிகளின் உறவினர் பலர் பண்டிகை நாளில் செவிலியருக்கு இனிப்புப் பெட்டி கொண்டுவந்து தருகிறார்கள். மிக நல்ல பழக்கம். ஆனால் காலையில் கொண்டுவந்த பெட்டி மாலைக்குள் காலியாகிவிடுகிறதாம். இந்த ஆண்டு யாராவது மருத்துவமனைக்குப் போவதானால், தயவுசெய்து ஒரு பெட்டியை இரவு எட்டு மணிக்குப் பிறகு கொண்டு போங்கள். 'நைட் டியூட்டி' என்று மேலே எழுதிவிடுவது இன்னும் நல்லது.